சின்னப்பர் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார்?

கோயம்புத்தூரில் ‘சின்னப்பா’ என்று சொன்னால் ஒரு தலைமுறைக்கு முருகன் படங்கள்தான் நினைவுக்கு வரும். சாண்டோ சின்னப்பா தேவரின் ஊர் இது. ஆனால் இதே ஊரின் பழைய கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஜூன் 29 என்றால் ‘இராயப்பர் சின்னப்பர் திருநாள்’. இராயப்பர், பேதுரு. சின்னப்பர், பவுல். ‘பவுலுஸ்’ என்ற லத்தீன் பெயருக்குச் சிறியவன் என்று பொருள். அதை ஒலி மாற்றி எழுதாமல் பொருள் மாற்றி எழுதினார்கள் பழைய குருமார்கள். கூடவே மரியாதைக்கு ஓர் ‘அப்பர்’. அருளப்பர், சூசையப்பர் என்று வீட்டுக்குள் வந்த பெயர்களின் வரிசையில் இவரும் சேர்ந்துகொண்டார். சீர்திருத்த சபைகளோ தொடக்கத்திலிருந்தே ‘பவுல்’ என்றன. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்துக்குப் பிறகு கத்தோலிக்கரின் வாசிப்பு மேடையிலும் பவுல்தான். சின்னப்பர் பாட்டிமார்களின் செபப் புத்தகங்களில் தங்கிவிட்டார்.

ஓர் ஆளுக்கு இரண்டு பெயர் இருப்பது பெரிய விஷயமல்ல. கொங்கு நாட்டுக்கு அவர் இரண்டு வழிகளில், ஏறக்குறைய இரண்டு ஆட்களாகவே வந்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பவுலின் போதனைகளில் அவருக்கே உரியவை எவை, அவற்றில் எவை இந்த மண்ணுக்கு வந்தன, எவை வழியிலேயே இறக்கி வைக்கப்பட்டன என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

பவுல் பன்னிரு சீடர்களில் ஒருவர் அல்ல. இயேசு ஊர் ஊராகப் போதித்த நாட்களில் இவர் உடன் நடந்ததில்லை. முதலில் சபையைத் துன்புறுத்தியவர். பிறகு தன்னைத் தானே அப்போஸ்தலன் என்று எழுதிக்கொண்டவர். அந்தப் பட்டத்துக்காக ஆயுள் முழுக்க வாதாடியவர். பொது ஆண்டு 50க்கும் 60க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் எழுதிய கடிதங்கள்தான் புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய பகுதி. நான்கு நற்செய்தி நூல்களும் அவற்றுக்குப் பின் வந்தவை. அவர் பெயரில் 13 கடிதங்கள் இருக்கின்றன. ரோமர், கொரிந்தியர் இரண்டு, கலாத்தியர், பிலிப்பியர், தெசலோனிக்கேயர் முதலாவது, பிலேமோன் ஆகிய ஏழும் அவர் கைப்பட்டவை என்பதில் அறிஞர்களிடையே பெரிய தகராறு இல்லை. மற்ற ஆறில் சிலவற்றை, குறிப்பாகத் தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதியவற்றை, அவர் பெயரில் பின்னால் யாரோ எழுதினார்கள் என்பதே இன்று பல ஆய்வாளர்களின் முடிவு. இதை ஏட்டுச்சண்டை என்று தள்ளிவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும் பெண்ணின் காதில் தோடு இருக்கலாமா என்ற சண்டை வரைக்கும் இது நீளும்.

மற்ற அப்போஸ்தலர்களிடமிருந்து பவுல் பிரிகிற இடம் எது? அவர் இயேசுவின் உவமைகளைச் சொல்வதில்லை. அற்புதங்களை விவரிப்பதில்லை. சிலுவையையும் உயிர்த்தெழுதலையும் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தே எல்லாவற்றையும் யோசிக்கிறார். மனிதன் கடவுள்முன் நேர்மையானவன் என்று எண்ணப்படுவது மோசேயின் சட்டத்தைக் கடைப்பிடிப்பதால் அல்ல, கிறிஸ்துவின்மேல் வைக்கும் நம்பிக்கையால். அது கூலி அல்ல, கொடை. யூதரல்லாதவர்கள் விருத்தசேதனம் செய்துகொள்ளாமலே, உணவு விலக்குகளை ஏற்காமலே முழு உறுப்பினராகலாம். நம்புகிறவர்கள் சேர்ந்து ஒரே உடல். கண் கையைப் பார்த்து நீ வேண்டாம் என்று சொல்ல முடியாது. ‘கிறிஸ்துவுக்குள்’ என்ற சிறு தொடரை விடாமல் எழுதுகிறார். அது அவருடைய முத்திரை. திருமுழுக்குப் பெற்றவர்களிடையே யூதன், கிரேக்கன் என்றும், அடிமை, சுதந்திரன் என்றும், ஆண், பெண் என்றும் வேறுபாடு இல்லை என்று கலாத்தியருக்கு எழுதும்போது இதெல்லாம் ஒரு முனைக்கு வந்து சேர்கிறது.

ஆனால் இந்தக் கோட்பாடு பிறந்த இடத்தைப் பார்க்காமல் கோட்பாட்டை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறோம். அது பிறந்த இடம் ஒரு சாப்பாட்டுப் பந்தி. சிரியாவின் அந்தியோகியாவில் யூதரும் யூதரல்லாதவரும் ஒன்றாக உண்டார்கள். பேதுருவும் உட்கார்ந்து சாப்பிட்டார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்தார்கள். பேதுரு மெல்ல எழுந்து விலகினார். மற்ற யூதர்களும் எழுந்தார்கள். பவுலின் கூட்டாளி பர்னபாகூட எழுந்துவிட்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேரே எதிர்த்தார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் இதைச் சொன்ன கையோடுதான், சட்டத்தின் செயல்களால் யாரும் நேர்மையாளராக முடியாது என்ற தன் புகழ்பெற்ற வாதத்தைத் தொடங்குகிறார். பந்தியில் யார் யாரோடு உட்காருவது என்ற வழக்கில் கொடுக்கப்பட்ட தீர்ப்பு அது. கொங்கு நாட்டில் இதை விளக்கவே வேண்டாம். உறவுக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று இலையை விட்டு எழுந்த ஆளை இங்கே எல்லோருக்கும் தெரியும்.

மேற்கத்திய ஆய்வுலகம் இதைத் திரும்பக் கண்டுபிடிக்க நாலரை நூற்றாண்டு ஆனது. மார்ட்டின் லூதர் தன் மனச்சாட்சியின் வாதையோடு பவுலைப் படித்தார். பாவியான நான் எப்படிக் கடவுளின் கோபத்துக்குத் தப்புவேன் என்பதே பவுலின் கேள்வி என்று கொண்டார். 1963இல் கிறிஸ்டர் ஸ்டெண்டால், அந்தக் கேள்வி லூதருடையது, பவுலுடையது அல்ல என்று எழுதினார். 1977இல் இ.பி. சாண்டர்ஸ், அக்காலத்து யூத மதத்தைப் புண்ணியக் கணக்கு எழுதும் மதமாகச் சித்திரித்ததே தவறு என்று காட்டினார். ஜேம்ஸ் டன் இன்னும் ஓர் அடி போய், ‘சட்டத்தின் செயல்கள்’ என்று பவுல் சொல்வது பெரும்பாலும் விருத்தசேதனம், உணவு விலக்கு, ஓய்வுநாள் என்ற எல்லைக்கோடுகளையே என்றார். நாம், அவர்கள் என்று பிரித்துக்காட்டும் அடையாளங்கள் அவை. இதற்கு ‘புதிய பார்வை’ என்று பெயர். எதிர்ப்பும் உண்டு, லூதர் சொன்னதில் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. ஆனாலும் தமிழ் வாசகருக்கு இந்தப் புதிய பார்வை புதிதாகத் தோன்றாது. ஆசாரம் என்பதே யாரோடு உண்பது, யாருக்குப் பெண் கொடுப்பது என்ற எல்லைக்கோடு என்று தெரிந்துகொள்ள நமக்கு ஜெர்மனியோ இங்கிலாந்தோ தேவையில்லை.

இனி, வந்த வழிகள்.

முதல் வழி சேசு சபையின் வழி. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்து, புலால் நீக்கி, தமிழும் வடமொழியும் கற்றுத் தத்துவ போதகர் ஆனார். உடனிருந்த ஐரோப்பியர்களே இது ஏமாற்று என்றபோது, அவர் தரப்பு கை காட்டிய இடம் பவுல்: யூதர்க்கு யூதனாகவும் சட்டமில்லாதவர்க்குச் சட்டமில்லாதவனாகவும், எப்படியாவது சிலரை மீட்க எல்லார்க்கும் எல்லாமாகவும் ஆனேன் என்று கொரிந்தியருக்கு எழுதிய பகுதி. 1623 ஜனவரியில் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவற்றுக்கு நிபந்தனையோடு இசைவு தந்தார். அதே ஆண்டில் நோபிலி வடக்கே நடந்தார்: சேந்தமங்கலம், சேலம். கொங்கின் கிழக்கு ஓரத்துக்குப் பவுல் சந்நியாசி வேடத்தில் வந்தது அப்படித்தான்.

இந்த வேடத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பிராமண சந்நியாசியாக வாழ்பவர் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டவர்களின் வளவுக்குள் பகலில் போக முடியாது. அதனால் 1640இல் பல்தசார் த கோஸ்தா ‘பண்டார சுவாமி’ என்ற இன்னொரு வகையைத் தொடங்கினார். கொங்குக் கிராமங்களில் பூசை செய்யும் பண்டாரங்களை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும்: உயர்ந்தோரிடமும் தாழ்ந்தோரிடமும் புழங்கக்கூடிய துறவி. திட்டம் கெட்டிக்காரத்தனமானது, ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றார்கள். ஆனால் பவுலோடு ஒப்பிட்டால் ஒரு பிளவு தெரிகிறது. யூதர்க்கு யூதனாகவும் பிறர்க்குப் பிறராகவும் இருந்தவர் ஒரே ஆள்; ஒரே உடல் இரண்டு வாசலிலும் நுழைந்தது. அந்தியோகியாவில் அவர் கோபப்பட்டதும் அதனால்தான். மதுரை மிஷன் அந்த ஒற்றை ஆளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அக்கிரகாரத்துக்கும் ஒரு பாதியைச் சேரிக்கும் அனுப்பியது. நோபிலியைக் குறைசொல்வது என் நோக்கமல்ல; அவர் காலத்தில் அவர் செய்தது துணிச்சல். ஆனால் ‘எல்லார்க்கும் எல்லாமாக’ என்ற வாக்கியத்தைப் பிடித்தவர்கள் பந்திச் சண்டையை விட்டுவிட்டார்கள் என்பது மட்டும் உண்மை.

இதன் பின்விளைவுகள் கோயம்புத்தூருக்கு மிகச் சொந்தமான ஒரு மனிதரின் வாழ்க்கையில் விடிந்தன. மெல்கியோர் தெ மரியோன்-பிரெசியாக், பாரிஸ் அயல்நாட்டு மிஷன் சபைக் குரு. 1842இல் புதுச்சேரிக்கு வந்தவர், 1846 அக்டோபர் 4ஆம் நாள் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இன்று அவிநாசி சாலையில் பேருந்தில் போகிறவர்களுக்குக் கருமத்தம்பட்டி விசைத்தறிகளின் ஊர். செபமாலை அன்னையின் கோயில் உள்ள ஊர். அன்று அது ஒரு மறைமாநிலத்தின் தலைவாசல். கோயம்புத்தூர் தனி மறைமாநிலமாக 1850இல் நிறுவப்பட்டபோது பிரெசியாக் அதன் தலைவரானார்.

அவர் மனதை அரித்தவை இரண்டு. ஒன்று, உள்ளூர்க் குருக்களை உருவாக்கி, சபையை அவர்கள் கையிலேயே ஒப்படைக்க வேண்டும் என்பது. ஐரோப்பியக் குருக்களில் பலருக்கு அது கசந்தது. மற்றொன்று, மலபார் சடங்குகள் என்று அழைக்கப்பட்ட வழக்கு. நோபிலி காலத்து அனுமதிகளை 1704இல் போப்பின் தூதர் துர்னோன் தடை செய்தார். நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பின் 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் தீர்ப்பு எழுதினார். மிஷனரிகள் அதற்கு உறுதிமொழி எடுக்க வேண்டும். பறையரிடம் ஊழியம் செய்யத் தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டை அந்தத் தீர்ப்பும் ஏற்றுக்கொண்டது. நூறு ஆண்டு கழித்து, எடுத்த உறுதிமொழிக்கும் நடைமுறைக்கும் இடையே உள்ள பள்ளத்தைப் பிரெசியாக் தன் கண்ணால் பார்த்தார். எது சடங்கு, எது நாட்டு வழக்கம், எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்று ரோமைத் திரும்பத் திரும்பக் கேட்டார். மனதுக்கு ஆறுதலான பதில் வரவில்லை. பதவி விலகினார், 1855இல் விலகல் ஏற்கப்பட்டது. 1856 டிசம்பரில் லியோனில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கி, 1859 ஜூன் 25ஆம் நாள் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் காய்ச்சலில் இறந்தார். கருமத்தம்பட்டியில் ஆயரானவர் ஆப்பிரிக்கக் கடற்கரையில் புதைந்ததற்கு நடுவில் இருப்பது பவுலின் கேள்வி ஒன்று: பிறருடைய வழக்கத்துக்குள் எவ்வளவு தூரம் போகலாம்? எந்த இடத்தில் திரும்ப வேண்டும்? இவ்வளவு நேர்மையாக அதைக் கேட்டு, பதில் கிடைக்காமல், நாற்காலியையே விட்டுப்போன இன்னொருவரைக் கொங்குச் சபை வரலாற்றில் நான் பார்க்கவில்லை.

இரண்டாம் வழி சீர்திருத்த சபைகளின் வழி. லண்டன் மிஷனரி சங்கம் 1827இல் சேலத்துக்கும் 1830இல் கோயம்புத்தூருக்கும் வந்தது. கோயம்புத்தூரில் தொடங்கியவர் டபிள்யூ.பி. ஆடிஸ். பின்னர் ஈரோட்டில் ஆஸ்திரேலியரான ஏ.டபிள்யூ. பிரப் உழைத்தார், பிரப் ரோடு என்றால் ஈரோட்டில் ஆட்டோக்காரர் கேள்வி கேட்காமல் வண்டியை எடுப்பார். இவர்கள் கொண்டுவந்தது லூதர், கால்வின் வழிவந்த பவுல்: விசுவாசத்தினாலே நீதிமானாகுதல். இவர்களுக்கு முன்பே தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்திருந்தார்.

ஒரே பவுலை வைத்துக்கொண்டு இவர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக, முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். கிறிஸ்துவுக்குள் வேறுபாடு இல்லை என்பதே அவர் பக்க நியாயம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். லைப்சிக் லுத்தரன் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல், 1849 தொடங்கி 1853 வரையிலான பயணத்தில் தமிழகத்தைப் பார்த்துவிட்டு, சாதி சமூக ஏற்பாடு, அதைப் பொறுமையாகக் கையாளலாம் என்று எழுதினார். மீட்பு விசுவாசத்தால் மட்டும் என்றால், யாரோடு உண்கிறாய் என்பது மீட்புக்கு அவசியமில்லாத வெளிக் காரியம் ஆகிவிடுகிறது. பிறகு அதைக் கட்டாயப்படுத்துவது புதிய சட்டம் போடுவது ஆகிவிடுகிறது. பவுலின் விடுதலை வாதத்தைக் கொண்டே பவுலின் பந்தியைக் கலைத்த இந்தத் தருக்கம் என்னை எப்போதும் அசரவைக்கிறது. மறுபக்கம், அமெரிக்க மதுரை மிஷன் 1847இல் ‘அன்பின் விருந்து’ என்று ஒன்றை வைத்தது. எல்லாச் சாதியாரும் சேர்ந்து சமைத்ததை உண்ண வேண்டும். மறுப்பவர்க்கு நற்கருணையில் இடமில்லை. பலர் வெளியேறினார்கள். அன்பைத் தேர்வு வைத்துச் சோதித்த கொடுமையும் அதில் உண்டு. ஆனாலும் அந்தியோகியாவின் வழக்கு எது என்று புரிந்துகொண்டவர்கள் அவர்கள்தான்.

இந்த இடத்தில் யாக்கோபையும் கூப்பிட வேண்டும். செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்று எழுதிய யாக்கோபைப் பவுலின் எதிராளியாகவே பிரசங்கங்களில் நிறுத்துகிறார்கள். லூதர் அந்தக் கடிதத்தை வைக்கோல் என்றார். அதே யாக்கோபின் கடிதம், அதே அதிகாரத்தில், எதில் தொடங்குகிறது தெரியுமா? தங்க மோதிரம் போட்டவன் வந்தால் நல்ல இடம், அழுக்குத் துணிக்காரன் வந்தால் அங்கே நில், அல்லது கால்மாட்டில் உட்கார் என்று சொல்லும் சபையைக் கண்டிப்பதில். விசுவாசமா செயலா என்பதில் முட்டிக்கொள்ளும் இருவரும் உட்காரும் இடம் என்று வந்தால் ஒரே கட்சி. ஈரோட்டிலிருந்து 1925இல் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கிய பெரியார், கிறித்தவத்துக்குள்ளும் சாதி இருப்பதைக் குத்திக் காட்டியவர். விசுவாசம் பற்றி அவருக்கு அக்கறை இல்லை. சமபந்தி பற்றி இருந்தது. அந்த ஒரு விஷயத்தில் அந்தியோகியாவின் பவுலுக்குப் பக்கத்து இலை ஈரோட்டுக்காரருடையது என்று சொன்னால் இரண்டு தரப்பும் கோபித்துக்கொள்ளும்.

கோயம்புத்தூரிலேயே பவுலை ஒதுக்கிவைத்து யோசித்த ஓர் அறிஞரும் இருந்தார். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது; அதன் கோயம்புத்தூர்த் திருமண்டலத்தின் முதல் பேராயராக 1950இல் வந்தவர் ஏ.ஜே. அப்பாசாமி. பாளையங்கோட்டைக்காரர். கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாகப் புரிந்துகொள்ளும் அவருடைய 1927ஆம் ஆண்டு நூல் முழுக்க யோவானின் எழுத்துகளின்மேல் கட்டப்பட்டது. ஆழ்வாரும் நாயன்மாரும் பழகிய காதுக்கு யோவான்தான் இனிக்கும்: ஒளி, உயிர், நிலைத்திருத்தல், அன்பு. பவுலிடம் நீதிமன்ற வாடை அடிக்கிறது. அப்பாசாமியின் தேர்வைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ‘கிறிஸ்துவுக்குள்’ என்ற பவுலின் தொடரை அவர் அளவுக்கு அனுபவ ஞானமாகப் படிக்கக்கூடியவர் தமிழில் வேறு யார் இருந்தார்? ஐரோப்பாவில் ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1930இல் பவுலின் மையம் அந்த ஒன்றிப்புதான், நீதிமானாகுதல் அதன் ஓர் ஓரம் என்று எழுதினார். அந்த வேலை இங்கே நடந்திருந்தால் பக்தியும் பந்தியும் ஒரே நூலில் கோக்கப்பட்டிருக்கும்.

நீதிமன்ற வாடைக்கு மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். பழைய மொழிபெயர்ப்பில் ‘நியாயப்பிரமாணம்’, ‘நீதிமானாக்கப்படுதல்’, ‘கிருபை’, ‘மாம்சம்’. 1995இன் மொழிபெயர்ப்பில் ‘திருச்சட்டம்’, ‘ஏற்புடையவராதல்’, ‘அருள்’, ‘ஊனியல்பு’. ‘மாம்சம்’ என்று கேட்டால் கறிக்கடையும் உடலாசையும்தான் நினைவுக்கு வருகின்றன. பவுல் அந்தச் சொல்லில் தற்பெருமையையும் குலப்பெருமையையும் சேர்த்தே வைத்திருந்தார். பிலிப்பியருக்கு எழுதும்போது தன் ‘மாம்சப்’ பெருமை என்று அவர் அடுக்குவது தன் இனம், கோத்திரம், எட்டாம் நாளில் நடந்த விருத்தசேதனம். எல்லாம் குப்பை என்கிறார். ‘கூட்டம்’ என்னும் குலப்பெயரைச் சொல்லித் திருமணம் பேசும் நாட்டில் இந்தப் பகுதி உடலாசைக்கு எதிரான பிரசங்கமாகச் சுருங்கிப்போனது சாதாரண இழப்பல்ல.

கொங்கில் பவுல் மிகவும் பயன்படும் இடம், நான் பார்த்த வரையில், மாரியம்மன் நோம்பி. ஊரே பூச்சாட்டி, பொங்கல் வைத்து, கெடா வெட்டி, உறவையும் அக்கம்பக்கத்தையும் விருந்துக்குக் கூப்பிடும். கிறித்தவக் குடும்பம் போவதா, வேண்டாமா? கொரிந்துச் சபை இதே கேள்வியைத்தான் கடிதம் எழுதிக் கேட்டது. பவுலின் பதில் மூன்று அதிகாரம் நீள்கிறது, அதுவும் நேர்கோட்டில் இல்லை. சிலை என்பது ஒன்றுமில்லை, ஆகவே இறைச்சி இறைச்சிதான். சந்தையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கு. நம்பாதவர் விருந்துக்கு அழைத்தால் போய் வைத்ததைச் சாப்பிடு. ஆனால் இது படையல் என்று ஒருவர் சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சியை எண்ணி விட்டுவிடு. கோயில் பந்தியிலேயே உட்கார்ந்து அந்த வழிபாட்டில் பங்காளி ஆகாதே. உன் அறிவால் பலவீனமான தம்பி ஒருவன் இடறினால் அந்த இறைச்சியே எனக்கு வேண்டாம். சபைகள் இதிலிருந்து ஒற்றை வரித் தடையை மட்டும் எடுத்துக்கொண்டன.

“அண்ணா, நீங்க சங்கடப்பட வேண்டாமுங்க. இது சாமிக்கு வெட்டுனது இல்லீங், உங்களுக்குன்னு தனியா கோழி அடிச்சிருக்கறோமுங்” என்று கூப்பிடும் தோட்டத்துக்காரரை நான் பார்த்திருக்கிறேன். பிறர் மனச்சாட்சியை இவ்வளவு நுணுக்கமாக மதிப்பது எப்படி என்று கொரிந்தியர் பத்தாம் அதிகாரத்தைப் படிக்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது. அதே விருந்தில், தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தூக்குப் போசியில் ஊற்றிக் கொடுத்தனுப்பினார்கள். அதுவும் என் கண்ணில் பட்டது.

கொரிந்தில் வேறொரு பந்தித் தகராறும் இருந்தது. ஆண்டவரின் விருந்துக்கு வசதியுள்ளவர்கள் முன்னதாக வந்து உண்டு குடித்துவிடுகிறார்கள். உழைப்பாளிகள் வந்து சேரும்போது ஒன்றுமில்லை. ஒருவன் பசியோடு, ஒருவன் போதையோடு. ஆண்டவரின் உடலை உணராமல் உண்கிறவன் தனக்குத் தீர்ப்பையே உண்கிறான் என்று பவுல் சொன்னது இந்தச் சூழலில்தான். ‘உடலை உணர்வது’ என்றால் அப்பத்தில் கிறிஸ்து இருப்பதை நம்புவது என்று மறைக்கல்வி சொல்லும். பக்கத்தில் பசியோடு இருக்கிறவனும் அந்த உடலின் உறுப்பு என்று உணர்வதும் அதற்குள் அடங்கும் என்று பல உரையாசிரியர்கள் சொல்கிறார்கள். பந்திக்கு முந்து என்ற பழமொழி உள்ள மொழியில் ஒருவருக்கொருவர் காத்திருங்கள் என்ற பவுலின் முடிவு எவ்வளவு சாதாரணமாக ஒலிக்கிறது, எவ்வளவு கடினமாக இருக்கிறது!

பவுலைப் புனிதமாக்கிவிட்டு அவர் சறுக்கிய இடங்களை மறைப்பது நியாயமல்ல. பிலேமோனுக்கு எழுதிய சின்னக் கடிதத்தில், எசமானை விட்டுப் பிரிந்துவந்த அடிமை ஒநேசிமுவை இனி அடிமையாக அல்ல, அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று கேட்கிறார். ‘பண்ணாடி’ என்று விளித்துக் கைகட்டி நின்ற பண்ணையாளை, திரும்பி வந்ததும் ‘வா தம்பி’ என்று திண்ணையில் உட்காரவைக்கச் சொன்னதற்குச் சமம் அது. ஆனால் அவனை விடுதலை செய் என்று நேராக எழுதவில்லை. அமெரிக்கத் தோட்ட முதலாளிகள் அந்த மௌனத்தையே தங்களுக்குச் சாதகமாகப் படித்தார்கள். ரோமர் பதின்மூன்றில் அரசாங்கத்துக்குக் கீழ்ப்படியச் சொன்னதும் அப்படித்தான் ஆட்சியாளர்களுக்குப் பயன்பட்டது.

பெண்கள் விஷயம் இன்னும் குழப்பம். சபையில் பெண்கள் பேசக்கூடாது என்ற வரிகள் கொரிந்தியர் முதல் கடிதத்தின் பதினான்காம் அதிகாரத்தில் இருக்கின்றன. அதே கடிதத்தின் பதினொன்றாம் அதிகாரம் பெண்கள் முக்காடிட்டுச் செபிப்பதையும் இறைவாக்கு உரைப்பதையும் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. பதினான்காம் அதிகாரத்து வரிகள் பின்னால் செருகப்பட்டவை என்று கருதுவோர் உண்டு. ரோமர் பதினாறில் பெபேயாள் என்ற பெண்ணுக்குப் பவுல் கொடுக்கும் அதே கிரேக்கப் பட்டம், பிலிப்பியரில் ஆண்களுக்கு வரும்போது பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘உதவிக்காரர்’ என்ற சபைப் பதவியாகிறது. பெபேயாளுக்கு வெறும் ‘ஊழியக்காரி’. தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண் பேராயராவதற்கு 2013 வரை, நந்தியாலில் புஷ்பா லலிதா பொறுப்பேற்கும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பொன் அணியக்கூடாது என்று சில பெந்தெகொஸ்தே சபைகள் தோட்டையும் வளையலையும் கழற்றச் சொல்வதற்கு அடிப்படை தீமோத்தேயு முதல் கடிதம். பவுல் எழுதியதா என்று அதிகம் சந்தேகிக்கப்படும் கடிதங்களில் ஒன்று. ஐந்து பவுன் இல்லாமல் பெண்ணை அனுப்ப அஞ்சும் நாட்டில் அந்தக் கழற்றல் ஒரு விடுதலையாகவும் சிலருக்கு இருந்திருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொங்கு எளிதாக ஏற்றுக்கொண்ட பவுல் ஒருவர் உண்டு: உழைப்பாளி. அப்போஸ்தலர் பணிகள் நூல் அவரைக் கூடாரம் செய்யும் தொழிலாளி என்கிறது. அவர் பிறந்த தர்சு இருந்த சிலிசியா ஆட்டுமயிர்த் துணிக்குப் பெயர்போன பகுதி. கம்பளி நெய்யும் குரும்பரும், சென்னிமலைப் போர்வையும், பவானி ஜமுக்காளமும் உள்ள நாட்டில் அவர் அந்நியர் அல்ல. கொரிந்தில் யாரிடமும் கைநீட்டாமல் தன் கையால் உழைத்துச் சாப்பிட்டதை அவர் பெருமையாகவே சொல்கிறார். இன்றைய சில ஊழியர்களின் கார்களைப் பார்க்கும்போது இந்தப் பகுதியில் அதிகம் பிரசங்கம் நடக்காததன் காரணம் புரிகிறது.

கடைசியாக ஓர் அரசாணை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களே பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் திருமுழுக்குப் பெற்ற ஒடுக்கப்பட்டவர் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டவர் ஆகிறார். கொங்குக் கிறித்தவர்களில் பலர் அப்படி வந்தவர்கள்தாம். கிறிஸ்துவுக்குள் வேறுபாடு இல்லை என்ற கலாத்தியரின் வாக்கியத்தை முழுதாக நம்பி நடந்துகொண்டது, விந்தையாக, இந்திய அரசுதான்: திருமுழுக்குப் பெற்றவுடன் சாதிக் கொடுமை தீர்ந்துவிட்டது என்று எண்ணி உரிமையை எடுத்துக்கொண்டது. ஊர் அப்படி எண்ணவில்லை. பல இடங்களில் சபையும் எண்ணவில்லை; கல்லறைத் தோட்டத்தில் தனி இடமும் திருமணத்தில் தனி வழியும் அதைச் சொல்கின்றன. கோயிலுக்கு ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழுக்கு ஒரு பெயரும் வைத்துக்கொள்கிற குடும்பங்களைக் கள்ளர்கள் என்று ஏசுவோர், சவுல் என்றும் பவுல் என்றும் இரண்டு பெயரில் புழங்கியவரின் கடிதங்களைத்தான் ஞாயிறுதோறும் வாசிக்கிறார்கள்.

அந்தியோகியாவில் அன்று என்ன ஆயிற்று? பேதுரு தலைகுனிந்து மீண்டும் இலைமுன் வந்து உட்கார்ந்தாரா? கலாத்தியர் கடிதத்தில் பவுல் தான் பேசியதை எழுதுகிறார். பேதுரு சொன்ன பதிலை எழுதவில்லை. ஜெயித்திருந்தால் எழுதியிருப்பார் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதற்குப் பின் பர்னபாவும் அவரும் பிரிந்து தனித்தனி வழியில் போனார்கள். அப்போஸ்தலர் பணிகள் அந்தப் பிரிவுக்கு வேறு காரணம் சொல்கிறது. அந்தியோகியாவுக்கு அவர் பிறகு ஒரே ஒரு தடவை வந்துபோனதாக அந்த நூலில் ஒரு வரி இருக்கிறது. யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று அதில் இல்லை.